நஷ்டம் யார் கணக்கில்?

இஸ்லாமிய வங்கிகளின் உறுதி பற்றிய ஆய்வுகளை முன்வைத்து ஓர் உரை



2009 மார்ச் மாதம் வத்திக்கானின் நாளேடான லொஸ்ஸர்வத்தோரே ரொமானோவில் ஒரு கட்டுரை வெளியானது. வாடிக்கையாளர்களின் நம்பிக்கையை இழந்து நிற்கும் மேலை வங்கிகள் இஸ்லாமிய நிதியின் அறநெறிகளைப் பார்க்கட்டும் என்றது அது. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்து அப்போது ஆறு மாதம். பெயர்பெற்ற வங்கிகளை அரசுகள் வரிப்பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தன. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்த இஸ்லாமிய வங்கிகளுக்கு அந்த அளவுக்கு அடி விழவில்லை. கத்தோலிக்கத் தலைமைப்பீடத்தின் பத்திரிகையே இப்படி எழுதிய பிறகு, வட்டியை விலக்கினால் வங்கி விழாது என்ற பேச்சு மேடைதோறும் ஏறிவிட்டது.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்து ஏராளமான ஆய்வுக்கட்டுரைகள் வந்துவிட்டன. உலக இஸ்லாமிய நிதித் துறையின் மொத்தச் சொத்து 2021இலேயே மூன்று லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆகவே இது ஒரு சமயத்தாரின் உள்விவகாரமாக நின்றுவிடவில்லை. வங்கி என்றால் என்ன, சேமிப்பு என்றால் என்ன என்று யோசிக்கிற எவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வங்கி உறுதியானதா என்று கேட்பதற்கு முன்னால், அது நஷ்டப்பட்டால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படும் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான், ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரிகிற ஆய்வு முடிவுகள் பிடிபடும்.

முதலில் கோட்பாடு. சாதாரண வங்கியில் நீங்கள் நூறு ரூபாய் போட்டால், கேட்கிற நேரத்தில் அந்த நூறு ரூபாய் திரும்பி வர வேண்டும். வங்கியோ அந்தப் பணத்தைப் பத்து வருட வீட்டுக்கடனாகக் கொடுத்திருக்கும். கடன்கள் கெட்டுப்போனாலும் உங்கள் நூறு நூறுதான். அப்படியானால் வங்கி தள்ளாடுகிறது என்று சேதி பரவினால் என்ன நடக்கும்? முதலில் போனவருக்கு முழுப்பணம், கடைசியில் போனவருக்கு ஒன்றுமில்லை. எனவே எல்லோரும் முதலில் போகப் பார்ப்பார்கள். நல்ல வங்கிகூட அந்த ஓட்டத்திலேயே விழுந்துவிடும். டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983இல் இதைக் கணித வடிவில் காட்டினார்கள். 2022இல் இன்னொரு பொருளியலாளரான பென் பெர்னாங்கியோடு சேர்ந்து அவர்களுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றிய பாகிஸ்தானியப் பொருளியலாளர் மொஹ்சின் கான், 1986இல் எழுதிய கட்டுரையில் இதே சிக்கலை வேறு முனையிலிருந்து தொட்டார். டெபாசிட்காரருக்கு நிலையான தொகையை வங்கி வாக்களிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வங்கியின் முதலீட்டில் பங்காளி. லாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பங்கு, நஷ்டம் வந்தால் அவருடைய கணக்கும் குறையும். சொத்துப் பக்கம் பத்து சதவீதம் சரிந்தால் கடன் பக்கமும் தானாகவே சரிந்து சமமாகிவிடும். முந்தி ஓடுவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. 1930களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் ஹென்றி சைமன்ஸும் இர்விங் ஃபிஷரும் டெபாசிட்டுக்கு நூறு சதவீதக் கையிருப்பு வேண்டும் என்று வாதாடினார்கள். அந்தச் சிந்தனைக்கு இது நெருங்கிய உறவு என்று கானே சுட்டிக்காட்டினார். எனக்கு இந்தக் கட்டுரை இன்றும் பிடிக்கும். வட்டி கூடாது என்ற ஒரு சமயத் தடையை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு பொறியியல் ஒழுங்கு இருக்கிறது என்று நிதானமாகக் காட்டியது அது.

கோட்பாட்டுக்கு முன்பே நடைமுறை தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் படித்துத் திரும்பிய அஹ்மத் அல்நஜ்ஜார், அங்கே பார்த்த ஊர்ச் சேமிப்பு வங்கிகளை மனத்தில் வைத்து, 1963இல் எகிப்தின் நைல் டெல்டாவில் மித் கம்ர் என்ற ஊரில் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றை ஆரம்பித்தார். விவசாயிகளும் சிறு தொழில்காரர்களும்தான் வாடிக்கையாளர்கள். அது சில ஆண்டுகளே நீடித்தது. அதே 1963இல் மலாயாவில், பொருளியலாளர் உங்கு அஜீஸின் யோசனையிலிருந்து, ஹஜ் பயணத்துக்குச் சேமிக்கும் நிதியம் பிறந்தது. பின்னாளில் அதற்கு தாபுங் ஹாஜி என்று பெயர். 1975இல் துபாய் இஸ்லாமிய வங்கியும் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் வந்தன. 1983இல் மலேசியா தனிச் சட்டமே இயற்றியது.

ஆனால் அப்படி எழுந்து நின்ற வங்கி, மொஹ்சின் கான் காகிதத்தில் வரைந்த வங்கி அல்ல. இதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு லாரி வாங்க வேண்டும். கையில் பணமில்லை. இஸ்லாமிய வங்கிக்குப் போகிறீர்கள். வங்கி அந்த லாரியைத் தானே விலைக்கு வாங்கி, பன்னிரண்டு லட்சத்துக்கு உங்களுக்கு விற்கிறது. மூன்று வருடத் தவணையில் கட்டலாம். அடக்கவிலை இன்னது, லாபம் இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதற்கு முராபஹா என்று பெயர். இஸ்லாமிய வங்கிகளின் நிதியளிப்பில் பல நாடுகளில் பெரும்பங்கு இந்த வகைதான். உங்கள் தொழிலில் லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் நீங்கள் கட்ட வேண்டியது பன்னிரண்டு லட்சம். பங்காளித்தனம் இங்கே இல்லை. வங்கி போடும் அந்த இரண்டு லட்சமும் பெரும்பாலும் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்தே நிர்ணயிக்கப்படுகிறது.

வட்டிக்கடனும் இதுவும் ஒன்றே என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. முராபஹாவில் தவணை தவறினால் கடன் குட்டி போடாது. அபராதம் வாங்கினாலும் அதை வங்கி தன் வருமானமாக வைத்துக்கொள்ளக்கூடாது, தர்மத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே பொதுவான விதி. கடனைத் தள்ளுபடி விலையில் இன்னொருவரிடம் விற்பதை மலேசியாவுக்கு வெளியே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கடன்களைப் பொட்டலம் கட்டி, அந்தப் பொட்டலங்களை மறுபடி பொட்டலம் கட்டி விற்றார்கள் அல்லவா, அந்தச் சந்தைக்குள் இஸ்லாமிய வங்கி கால் வைக்கவே முடியாது. 2008இல் அவற்றைக் காப்பாற்றியதில் இந்தத் தடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இது நிஜமான பலன், குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பலன் எதைச் செய்யக்கூடாது என்ற விதியிலிருந்து வந்தது. நஷ்டத்தைப் பகிர்ந்ததால் வந்ததல்ல.

பகிர்வு எவ்வளவு குறைவு என்பதை பெங் சூன் சோங், மிங்-ஹுவா லியூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் மலேசியத் தரவைக் கொண்டு காட்டினார்கள். உண்மையான லாப நஷ்டப் பகிர்வு அடிப்படையில் வங்கிகள் கொடுத்த நிதி சொல்லிக்கொள்ளும் அளவுக்கே இல்லை. டெபாசிட்காரர்களுக்குக் கொடுத்த லாப விகிதமோ, பக்கத்து வங்கியின் வட்டி விகிதத்தை ஒட்டியே ஏறி இறங்கியது.

இந்த வங்கிகளின் உறுதியை எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். ஆய்வாளர்கள் அதிகம் கையாளும் அளவுகோல் இசட் மதிப்பு. கணக்கு எளிமையானது. ஒரு வங்கியின் சொத்தில் பத்து சதவீதம் சொந்த மூலதனம், சராசரியாக ஆண்டுக்கு ஒரு சதவீத லாபம் என்று வையுங்கள். கூட்டினால் பதினொன்று. அந்த லாபம் வருடத்துக்கு வருடம் எவ்வளவு ஆடுகிறது என்ற திட்ட விலக்கம் அரை சதவீதம் என்றால், பதினொன்றை அரையால் வகுத்து 22. ஆட்டம் ஒரு சதவீதமாக இருந்தால் 11. எண் பெரிதாக இருந்தால் திவால் தூரத்தில் இருக்கிறது என்று பொருள்.

சர்வதேச நாணய நிதியத்தின் மார்ட்டின் சிஹாக், ஹைகோ ஹெஸ்ஸே இருவரும் 1993 முதல் 2004 வரையிலான தரவை எடுத்துக்கொண்டு இந்த அளவுகோலை இஸ்லாமிய வங்கிகள் மீது முதன்முதலில் விரிவாகப் போட்டுப் பார்த்தார்கள். 2008இல் வந்த அவர்களுடைய முடிவு நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. சிறிய இஸ்லாமிய வங்கிகள் சிறிய வழக்கமான வங்கிகளைவிட உறுதியானவை. பெரிய வழக்கமான வங்கிகள் பெரிய இஸ்லாமிய வங்கிகளைவிட உறுதியானவை. நூறு கோடி டாலர் சொத்துதான் அவர்கள் வைத்த எல்லைக்கோடு. வளர வளர கடன் மேற்பார்வை சிக்கலாகிறது, பங்காளி முறை நிதியளிப்பும் கூடுகிறது என்று அவர்கள் காரணம் ஊகித்தார்கள். எந்த முறை வங்கியை உறுதியாக்கும் என்று கோட்பாடு சொன்னதோ, அந்த முறையை அதிகம் கையாளும் வங்கிதான் அளவுகோலில் கீழே நிற்கிறது.

இது கோட்பாட்டின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். இசட் மதிப்பு பங்குதாரர்களின் புத்தகத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு வங்கி தன் நஷ்டத்தை டெபாசிட்காரர்களோடு நேர்மையாகப் பகிர்ந்தால், பங்குதாரர் லாபம் அதிகம் ஆடாது. இசட் மதிப்பு நன்றாக இருக்கும். இன்னொரு வங்கி, வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்களோ என்று அஞ்சி, கெட்ட வருடத்திலும் தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர்களுக்குப் பழைய விகிதத்தையே கொடுத்தால் பங்குதாரர் லாபம் ஆடும். இசட் மதிப்பு விழும். இந்த இரண்டாவது வகை நடைமுறையில் மிகச் சாதாரணம். பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதிக் கணக்கியல் தர அமைப்பு இந்த ஆபத்துக்கு 1990களின் இறுதியிலேயே தனிப்பெயர் கொடுத்துவிட்டது. அதைச் சமாளிக்க வங்கிகள் நல்ல வருடத்து லாபத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துக் கெட்ட வருடத்தில் எடுத்துக் கொடுக்கின்றன. ஒதுக்கிய வருடத்தில் இருந்த டெபாசிட்காரரும் பெற்ற வருடத்தில் இருந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. நஷ்டம் எங்கே போனது என்பதை ஒற்றை எண் காட்டாது.

மற்ற முடிவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மஹர் ஹசனும் ஜெம்மா திரிதியும் 2010இல் எட்டு நாடுகளில் சுமார் 120 வங்கிகளைப் பார்த்தார்கள். 2008இல் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் அவ்வளவு பாதிக்கவில்லை. 2009இல் நெருக்கடி நிலம், கட்டடம் என்று நிஜப் பொருளாதாரத்துக்குள் இறங்கியபோது, சில நாடுகளில் அவற்றுக்கே அடி அதிகம். துபாயில் அம்லாக், தம்வீல் என்ற இரண்டு இஸ்லாமிய வீட்டுநிதி நிறுவனங்கள் 2008 நவம்பரிலேயே புதிய நிதியளிப்பை நிறுத்தின. அம்லாக்கின் பங்குகள் 2015 வரை சந்தையில் கைமாறவில்லை. வத்திக்கான் நாளேட்டின் கட்டுரை அச்சேறும்போதே அந்த விரிசல் ஓடத் தொடங்கியிருந்தது. 2013இல் தோர்ஸ்டன் பெக், அஸ்லி டெமிர்கூச்-குன்ட், வார்தா மெரூஷ் மூவரும், இரண்டு வகை வங்கிகளுக்கும் தொழில் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் இஸ்லாமிய வங்கிகளிடம் மூலதனம் அதிகம், வாராக்கடன் குறைவு, நிர்வாகச் செலவு அதிகம் என்றார்கள். அதே ஆண்டில் பெஜ்மான் அபேதிஃபார், பிலிப் மோலினூ, அமீன் தராஸி மூவரும் 24 நாடுகளின் 553 வங்கிகளைப் பார்த்து, சிறிய இஸ்லாமிய வங்கிகள் திவாலுக்குத் தூரத்தில் நிற்கின்றன என்று மறுபடி உறுதிப்படுத்தினார்கள்.

பல நாட்டுத் தரவைக் கலந்து செய்யும் இந்த ஆய்வுகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பஹ்ரைன் வங்கியையும் வங்கதேச வங்கியையும் ஒரே சமன்பாட்டில் போட்டால், வித்தியாசம் வங்கி முறையால் வந்ததா, எண்ணெய்ப் பணத்தால் வந்ததா என்று பிரிப்பது கடினம். அதனால்தான் ஒரே நாட்டுக்குள் ஆழமாகத் தோண்டிய ஆய்வுகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பாகிஸ்தானில் அப்படி இரண்டு நடந்தன.

முதலாவது, லீவன் பேல, மொஆஸம் ஃபரூக், ஸ்டீவன் ஓங்கேனா மூவரும் 2014இல் வெளியிட்டது. 2006 ஏப்ரலிலிருந்து 2008 டிசம்பர் வரை பாகிஸ்தானில் தொழில்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். இஸ்லாமியக் கடன் தவறும் விகிதம், வழக்கமான கடன் தவறும் விகிதத்தில் பாதிக்கும் குறைவு. நல்ல கடனாளிகள் அங்கே போயிருப்பார்கள் என்று உடனே தோன்றும். அதற்கும் அவர்கள் விடை தேடினார்கள். ஒரே ஆள் இரண்டு வகைக் கடனையும் வைத்திருக்கிறார், பணமுடை வருகிறது, எதைக் கைவிடுகிறார்? வழக்கமான கடனை. ரமலான் மாதத்தில் இஸ்லாமியக் கடன் தவறுவது இன்னும் குறைகிறது. சமயக் கட்சிகளுக்கு வாக்கு கூடும் பெருநகரங்களிலும் குறைகிறது.

இதை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். கடன் ஒப்பந்தத்தின் சட்ட வடிவம் செய்யாததை மனிதனின் மனச்சாட்சியும் சுற்றத்தார் முன்னால் காக்க வேண்டிய பேரும் செய்கின்றன என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்றைப் பொருளியலில் அதிகம் பார்க்க முடியாது. வங்கியின் உறுதி கடனாளியின் நெஞ்சிலிருந்து வருகிறது. சிறிய வங்கிகள் உறுதியாக இருப்பதும் இதனால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் முகம் தெரிந்த வங்கியிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் தொழுகைக்கு எந்த முகத்தோடு போவது? வங்கி பெரிதாகி, கிளைகள் நூறாகி, மேலாளர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினால் அந்த உறவு மெலியும். ஆய்வாளர்கள் நேரடியாக நிறுவியதல்ல இது. என் ஊகம்.

இரண்டாவது ஆய்வு டெபாசிட்காரர்களைப் பற்றியது. பாகிஸ்தானில் நெருக்கடி சூழ்ந்திருந்த 2008இல், வங்கிகள் முடங்கப்போகின்றன என்று வதந்தி கிளம்பி மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். ஃபரூக்கும் சஜ்ஜாத் ஸஹீரும் கிளைவாரியாகக் கணக்குப் பார்த்தார்கள். இஸ்லாமியக் கிளைகளிலிருந்து வெளியேறிய பணம் குறைவு. ஒரே வங்கி இரண்டு வகைக் கிளையும் வைத்திருந்த இடங்களில், அதன் இஸ்லாமியக் கிளைகளுக்கு அந்தப் பீதியிலும் பணம் உள்ளே வந்தது. பீதி நேரத்தில் இஸ்லாமியக் கிளைகள் கடன் கொடுத்ததும் அதிகம். ஒரே வங்கி, ஒரே இருப்புநிலைக் குறிப்பு, வாசலில் மட்டும் வேறு பலகை. அந்தப் பலகைக்கு அவ்வளவு பலம்.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. பலகையின் பலம் எந்தப் பக்கமும் வெட்டும். துருக்கியில் அது நடந்தது.

துருக்கியில் 1980களின் நடுவில் வட்டியில்லா வங்கிகளுக்குத் தனி நிதி நிலையங்கள் என்று பெயரிட்டு அனுமதி கொடுத்தார்கள். அவற்றில் பெரியதாக வளர்ந்தது இஹ்லாஸ் ஃபினான்ஸ். ஒரு பெரிய வணிகக் குழுமத்தின் பிள்ளை நிறுவனம்; டெபாசிட்காரர் பணம் அந்தக் குழுமத்தின் நிறுவனங்களுக்கே கணிசமாகப் போனது. 2001 பிப்ரவரியில் மேற்பார்வை வாரியம் அதன் உரிமத்தை ரத்து செய்தது. அந்தக் கணக்குகளுக்கு டெபாசிட் காப்பீடு கிடையாது. காரணம் மிக நேர்த்தியானது: இவர்கள் டெபாசிட்காரர்கள் அல்லர், லாப நஷ்டப் பங்காளிகள், பங்காளிக்குக் காப்பீடு எதற்கு? ஓய்வூதியக்காரர்களும் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தவர்களும் தங்கள் பணத்துக்காகப் பல வருடம் காத்திருந்தார்கள்.

கோட்பாட்டின்படி மற்ற நிலையங்களில் ஓட்டம் நடந்திருக்கக் கூடாது. அங்கே இருந்தவர்களும் பங்காளிகள்தானே, முந்தி ஓடுவதில் ஆதாயம் இல்லையே. ஆனால் ஓட்டம் நடந்தது. மார்த்தா ஸ்டாரும் ரஸீம் யில்மாஸும் அந்த ஓட்டத்தின்போது எடுக்கப்பட்ட தொகைகளைக் கணக்கின் அளவுவாரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நடுத்தரக் கணக்குக்காரர்கள் எடுக்கத் தொடங்கியதைப் பார்த்துச் சிறு கணக்குக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எண்ணியிருக்க வேண்டும். சிறு சேமிப்பாளரிடம் வங்கியின் கணக்குப் புத்தகம் கிடையாது. தன்னைவிட ஒரு படி மேலே இருப்பவரின் நடமாட்டமே அவருக்குக் கிடைக்கும் தணிக்கை அறிக்கை. பங்காளி என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், பங்காளிக்கு உரிய தகவலை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. பிறகு துருக்கி அரசு முதலில் ஒரு தனி உத்தரவாத நிதியை ஏற்படுத்தி, 2005 சட்டத்தில் இந்த நிலையங்களைப் பங்கேற்பு வங்கிகள் என்று பெயர் மாற்றிப் பொது டெபாசிட் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. பகிர்வுக் கோட்பாட்டின் கதவு அங்கே சத்தமில்லாமல் மூடியது.

சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு துல்லியமாக வைக்க முடியாத சோதனை ஒன்றை மலேசியா செய்தது. 2013இல் வந்த இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம், அதுவரை மங்கலாக இருந்த ஒன்றைப் பிரித்து நிறுத்தியது. உங்கள் பணம் முழுதாகத் திரும்ப வேண்டுமா? அது டெபாசிட். காப்பீடு உண்டு. லாப நஷ்டத்தில் பங்கு வேண்டுமா? அது முதலீட்டுக் கணக்கு. முதலுக்கு உத்தரவாதம் இல்லை, காப்பீடும் இல்லை. முதாரபா என்ற பங்காளி ஒப்பந்தத்தின் பேரில் டெபாசிட் வாங்கிய வங்கிகள் இரண்டு வருடத்துக்குள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரும்தான்.

பெரும்பகுதிப் பணம் டெபாசிட் பக்கமே நின்றது. அதை ஷரீஅத்துக்கு உட்பட்டதாக்க வங்கிகள் எடுத்த வழி இது. நீங்கள் பத்தாயிரம் ரிங்கிட் கொடுக்கிறீர்கள். வங்கி உங்கள் முகவராக நின்று, 2009இல் இதற்கென்றே கோலாலம்பூரில் தொடங்கிய சரக்குச் சந்தையில் அந்தப் பணத்துக்குப் பாமாயில் வாங்குகிறது. உங்களிடமிருந்து அந்தப் பாமாயிலைத் தானே பத்தாயிரத்து முந்நூறுக்குக் கடனில் வாங்கிக்கொள்கிறது. ஒரு வருடம் கழித்துத் தருவதாக ஒப்பந்தம். உடனே அதைச் சந்தையில் வேறொருவருக்கு விற்று ரொக்கமாக்குகிறது. எல்லாம் கணினித் திரையில் முடிந்துவிடும். உங்களுக்கு ஒரு வருடத்தில் நிச்சயமான முந்நூறு ரிங்கிட். இப்படிச் சரக்கைக் கடனில் வாங்கி உடனே விற்று ரொக்கமாக்குவதற்குத் தவர்ருக் என்று பெயர். முன்கூட்டியே ஏற்பாடு செய்து நடத்தும் இந்த வகைத் தவர்ருக் கூடாது என்று, இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பான ஓஐசியின் மார்க்கச் சட்ட அமைப்பாகிய ஃபிக்ஹ் அகாதமி அதே 2009இல் ஷார்ஜாவில் தீர்மானம் போட்டது. மலேசிய அறிஞர்கள் கூடும் என்றார்கள். மார்க்கத் தீர்ப்பில் நுழைய எனக்குத் தகுதியில்லை. பொருளியல் மாணவனாக ஒன்றைச் சொல்வேன். நஷ்டத்தை ஏற்கச் சம்மதமா என்று முதன்முறையாக ஒளிவு மறைவில்லாமல் கேட்கப்பட்டபோது, சேமிப்பாளர்கள் மாட்டோம் என்றார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையின் படிப்புக்கோ மகளின் கல்யாணத்துக்கோ ஹஜ்ஜுக்கோ சேர்த்த பணம் அது. தாபுங் ஹாஜியிலேயே இதைப் பார்த்தோம். 2018இல் அந்த நிதியத்தின் சொத்து, அது சேமிப்பாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் குறைந்துவிட்டது என்று தெரியவந்தது. லட்சக்கணக்கான சேமிப்பாளர்களின் கணக்கை வெட்ட அரசு துணியவில்லை. மதிப்பிழந்த சொத்துகளை அரசு நிறுவனம் ஒன்று சுமார் 1,990 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொண்டது. சந்தை மதிப்புக்கும் அந்த விலைக்கும் இடையிலான பள்ளம் அரசுக் கணக்கில் போனது. அந்த வருடம் சேமிப்பாளர்களுக்கு 1.25 சதவீதம் கொடுத்தார்கள். 2008இல் நியூயார்க் வங்கிகளுக்கு நடந்ததற்கும் இதற்கும் நஷ்டத்தின் பாதையில் என்ன வேறுபாடு? ஈரானில் 1983 சட்டத்தால் வங்கித் துறை முழுவதுமே வட்டியற்றது என்று ஆனது. அங்கேயும் டெபாசிட்டுக்குத் தற்காலிக லாபம் என்ற பெயரில் முன்கூட்டியே அறிவித்த விகிதம்தான். 2017இல் சில நிதி நிறுவனங்கள் சரிந்தபோது, பணம் போட்டவர்கள் வீதிக்கு வந்து மத்திய வங்கியைத்தான் கேட்டார்கள்.

இனி நம் பக்கம். இந்தியாவில் வங்கி சரக்கை வாங்கி விற்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முராபஹாவுக்கே வழியில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. வட்டியை விரும்பாததாலேயே வங்கிக்கு வெளியே நிற்கிற ஏழைகளை அது மனத்தில் வைத்தது. ரிசர்வ் வங்கி பல வருடம் பரிசீலித்து, 2017இல் அதைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. 2019இல் பெங்களூரில் ஐஎம்ஏ என்ற நிறுவனம் விழுந்தது. ஹலால் முதலீடு என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் பணம் வாங்கியிருந்தது. போட்டவர்களை டெபாசிட்காரர்கள் என்று சொல்லாமல், கூட்டு நிறுவனங்களின் பங்காளிகள் என்று பதிவு செய்திருந்தார்கள். துருக்கியில் காப்பீட்டை மறுக்கப் பயன்பட்ட அதே சொல் இங்கே சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவப் பயன்பட்டது. நகையை விற்றுப் போட்ட பெண்கள் அதில் ஏராளம். மேற்பார்வைக்கு உட்பட்ட வாசலை மூடிவிட்டால், தேவை உள்ளவர்கள் மேற்பார்வை இல்லாத வாசலுக்குத்தான் போவார்கள். இதை எனக்குக் கோபத்தோடுதான் சொல்ல முடிகிறது.

இலங்கை வேறு வழியில் போனது. 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி லாப நஷ்டப் பகிர்வுக்கு இடம் கொடுத்தது. 2011இல் அமானா வங்கி முழு உரிமத்தோடு திறக்கப்பட்டது. தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் கணிசமாக உள்ள வங்கி. 2022இல் அந்த நாடு கண்ட பொருளாதார வீழ்ச்சியின்போது மற்ற வங்கிகளோடு ஒப்பிட்டு அதன் முதலீட்டுக் கணக்குகளில் என்ன நடந்தது, யார் எடுத்தார்கள், யார் விட்டுவைத்தார்கள், அறிவித்த லாபம் எப்படி நகர்ந்தது என்று பாகிஸ்தான் ஆய்வுகள் போலக் கணக்கு கணக்காகத் தோண்டினால், மேலே சொன்ன பல கேள்விகளுக்கு நம் மொழி பேசும் மனிதர்களிடமிருந்தே விடை வரும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிற மாணவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். ஆங்கில இதழ்களில் இசட் மதிப்பை வைத்து இன்னொரு சமன்பாட்டைப் போடுவதற்கு முன், ஒரு வங்கியின் பத்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அது ஒதுக்கிய தொகை, எடுத்த தொகை, டெபாசிட்காரருக்குக் கொடுத்தது, பங்குதாரர் விட்டுக்கொடுத்தது ஆகிய நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். கெட்ட வருடம் எதுவென்று அந்தத் தாளே காட்டும், அந்த வருடத்து நஷ்டம் எந்தப் பத்தியில் இறங்கியது என்பதையும் காட்டும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், சேர்ந்து பேசுவோம்.